தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா? தோட்டத்துப் பெரியவர்களின் வானிலைக் கணக்கு

"தட்டான் தாழப் பறக்குது, காயப் போட்ட துணிய எடு!"

தோட்டத்தில் வளர்ந்தவர்களில் இந்த அதட்டலைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே வானத்தையும் மரத்தையும் எறும்புப் புற்றையும் பார்த்து மழை வரும், வராது என்று சொல்லிவிடும் பெரியவர் ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார். இன்று அந்த வேலையைக் கைப்பேசி பார்க்கிறது. ஆனாலும் ஈசல் பறந்தால் மழை, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மழை என்ற பேச்சு வீட்டில் தொடர்கிறது.

இவையெல்லாம் உண்மையா, மூடநம்பிக்கையா என்று இரண்டே கூறாகப் பிரித்துப் பேசுவதால் பயனில்லை. சில அடையாளங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. சிலவற்றுக்குத் தமிழ்நாட்டில் பொருள் உண்டு, மலேசியாவில் இல்லை. சில வெறும் விளையாட்டுப் பேச்சு. எது எந்த வகை, எந்த அடையாளத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்வது இப்போது முன்னைவிட அவசியமாகிவிட்டது. காரணம், வெள்ளம்.

மழை பார்த்தது எதற்காக?

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு மழை என்பது சம்பளக் கணக்கு. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரப்பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்து பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு, விடிவதற்குள் மரத்தடி. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்குக்கு வராமல் பட்டையெங்கும் பரவி ஒழுகிவிடும். வெட்டி முடித்து, பால் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால் மங்கில் இருக்கும் பாலோடு தண்ணீர் கலந்து வழிந்து போகும். பாதி நாள் உழைப்பு மண்ணில் ஊறும்.

ஆகவே 'இன்றைக்கு வெட்டலாமா, காத்திருக்கலாமா?' என்ற கேள்விக்குத் தினமும் பதில் தேவைப்பட்டது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் தாங்குமா என்பதுதான் கேள்வி. தோட்டத்து மழைக்குறிகள் பெரும்பாலும் இந்தக் குறுகிய நேரத்துக்கானவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தட்டான்

தட்டான் மழையைப் பார்த்துத் தாழ்வதில்லை. இரையைப் பார்த்துத் தாழ்கிறது. கொசு, சிறு ஈ போன்ற பூச்சிகள்தான் அதன் உணவு. காற்றில் ஈரம் கூடி, மேலே காற்று கலையத் தொடங்கும்போது இந்தச் சிறு பூச்சிகள் தரையை ஒட்டியே பறக்கின்றன, தட்டானும் அவற்றின் பின்னால் வருகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனால், புல் வெட்டிய திடலில் பூச்சிகள் கிளம்பும்போதும் தட்டான்கள் கூட்டமாகத் தாழத்தான் பறக்கும். அன்று மழை வர வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே தட்டானை மட்டும் பார்த்துத் துணியை எடுத்தால் பல நாள் வீணாக எடுக்க நேரும். தட்டானோடு சேர்ந்து வானமும் கறுத்து, காற்றும் திசை மாறினால் அது வேறு கதை.

இன்னொரு சேதியும் உண்டு. மஞ்சள் நிறத் தட்டான் வகை ஒன்று மழைக்காற்றோடு நெடுந்தூரம் பயணம் செய்யும். மழையால் தேங்கும் குட்டைகளில் முட்டையிடுவது அதன் வழக்கம். திடீரென்று தட்டான் கூட்டம் பெருகுவதையும் மழைக்காலத்தையும் நம் முன்னோர் சேர்த்துப் பார்த்ததில் வியப்பில்லை.

ஈசலும் எறும்பும்

மலாய்க்காரர்கள் கெல்காத்து என்று அழைக்கும் ஈசல், கறையான் புற்றிலிருந்து இறக்கையோடு வெளியே வரும் கூட்டம். புதிய ஜோடிகள் மண்ணைத் துளைத்துப் புதுப் புற்று அமைக்க வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணில் அது முடியாது. இறக்கை உதிர்ந்த பிறகு வெயிலில் உடல் உலர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே மண் நனைந்து, காற்று அசையாமல், ஈரம் நிறைந்திருக்கும் மாலைப் பொழுதில்தான் அவை பெரும்பாலும் கிளம்புகின்றன.

அப்படியென்றால் ஈசல் முதலில் சொல்வது, 'மழை பெய்திருக்கிறது' என்ற சேதியை. மழைக்காலத்தில் இன்று பெய்தால் நாளையும் பெய்ய வாய்ப்பு அதிகம் என்பதால் 'ஈசல் பறந்தால் மழை' என்ற பேச்சும் பல நாள் பலித்துவிடுகிறது. அந்த ஈசலைப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்ற கதையைச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது.

எறும்பின் கதை கொஞ்சம் வேறு. எறும்பின் உணர்கொம்புகளுக்குக் காற்றின் ஈரப்பதத்தை உணரும் திறன் உண்டு. மண்ணுக்கடியில் ஈரம் ஏறும்போது அவை முட்டைகளையும் குஞ்சுகளையும் மேட்டுப் பகுதிக்கு மாற்றுகின்றன. நாம் வெள்ளையாகப் பார்ப்பவற்றில் பல உண்மையில் முட்டைகள் அல்ல, வளரும் குஞ்சுகள். சாரிசாரியாக அவை சுவரேறினால் மண் நனைந்துவருகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால், கூட்டில் இடம் போதாவிட்டாலும், வெயில் சுட்டாலும், யாராவது கூட்டைக் கலைத்தாலும் எறும்பு குடிபெயரும்.

தவளைச் சத்தம்

மழை ஓய்ந்த இரவில் சாக்கடைப் பக்கமிருந்து மாடு கத்துவதுபோல் எழும் பெருத்த குரல் நகரவாசிகளுக்கும் தெரியும். அது ஆண் தவளை பெண் தவளையை அழைக்கும் சத்தம். முட்டையிடத் தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும் என்பதால் பெருமழையை ஒட்டித்தான் இந்தக் கச்சேரி. காற்றில் ஈரம் ஏறிய மாலைகளில் சில தவளைகள் மழைக்கு முன்பும் குரல் கொடுக்கும். தவளை கத்தி மழை வருவதைவிட, மழை வந்து தவளை கத்துவதே அதிகம்.

வானத்தில் கோட்டை

"அகல் வட்டம் பகல் மழை" என்பது பழமொழி. நிலாவைச் சுற்றி அகலமான வட்டம் தெரிந்தால் மறுநாள் பகலுக்குள் மழை வரும் என்று பொருள். கோட்டை கட்டுவது என்றும் இதைச் சொல்வார்கள்.

வட்டத்தில் இரண்டு வகை உண்டு. நிலாவை ஒட்டிச் சின்னதாக, மங்கிய நிறங்களோடு தெரிவது ஒன்று. அது மேகத்தில் உள்ள நீர்த்துளிகளால் உண்டாவது. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே உள்ள அளவு தூரத்தில் பெரிதாகத் தெரிவது மற்றொன்று. இதுதான் அகல் வட்டம். பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மெல்லிய மேகத்தின் பனித்துகள்கள் நிலவொளியை ஏறக்குறைய 22 பாகை வளைப்பதால் இந்த வட்டம் உண்டாகிறது.

குளிர்நாடுகளில் இந்த மெல்லிய மேகம் பெரிய மழை மண்டலத்துக்கு முன்னோடியாக வருவது வழக்கம். அங்கே இந்த அடையாளத்துக்கு மதிப்பு அதிகம். நம் நாட்டிலோ எங்கோ இடி மழை பெய்து தீர்ந்த மேகத்தின் உச்சி சிதறி, மெல்லிய திரையாகப் பரவினாலும் இதே வட்டம் தெரியும். மழை முடிந்ததையும் அது குறிக்கலாம், வரப்போவதையும் குறிக்கலாம். ஆக, இங்கே அகல் வட்டத்தைப் பார்த்து மறுநாள் கல்யாணப் பந்தலை மாற்ற வேண்டியதில்லை.

செவ்வானத்துக்கும் இதே கதிதான். காலைச் செவ்வானம், மாலைச் செவ்வானம் என்று பலன் சொல்வதற்கு வானிலை எப்போதும் ஒரே திசையிலிருந்து நகர்ந்து வர வேண்டும். மலேசியாவில் பருவத்துக்குப் பருவம் காற்றின் திசை மாறுகிறது. அதனால் அந்தக் கணக்கு இங்கே நிற்பதில்லை.

குளிர்காற்றும் மண்வாசனையும்

எல்லா அடையாளங்களிலும் நம்பத் தகுந்தவை இவை இரண்டும்தான்.

புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும்போது திடீரென்று சில்லென ஒரு காற்று வந்து மோதும். இலைகள் புரளும், தகரக் கூரை சலசலக்கும். இது சும்மா வரும் காற்றில்லை. பக்கத்தில் பெய்துகொண்டிருக்கும் மழை, தன்னோடு குளிர்ந்த காற்றையும் கீழே தள்ளுகிறது. அது தரையில் மோதி நாலாபக்கமும் சிதறி, மழைக்கு முன்னால் ஓடி வருகிறது. இந்தக் காற்று வீசினால் மழை பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும். ஒதுங்க வேண்டிய நேரம் அது.

மண்வாசனையும் அப்படித்தான். இந்த வாசனைக்கு 1964-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அறிவியலாளர் இருவர் பெட்ரிக்கோர் என்று பெயர் சூட்டினார்கள். காய்ந்த மண்ணில் படிந்திருக்கும் தாவர எண்ணெயும், மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் மழைத்துளி பட்டதும் காற்றில் கலக்கின்றன. மிக மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பக்கத்து மலையில் மழை விழுந்த சேதியைக் காற்று நம் மூக்குக்குக் கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேற்குக் கரைத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு இன்னொரு மழையும் தெரிந்திருக்கும். விடியலுக்குச் சற்று முன், மேற்கே மலாக்கா நீரிணைப் பக்கம் கன்னங்கரேலென்று ஒரு கோடு எழும். மின்னல் தெறிக்கும். பிறகு மரத்தை முறிக்கும் வேகத்தில் காற்றும் கொட்டும் மழையும் வரும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வானிலை ஆய்வாளர்கள் இதைச் சுமத்ரா என்றே அழைக்கிறார்கள். தென்மேற்குப் பருவக் காலத்தில், நீரிணைக்கு மேல் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்வதால் வருவது இது. சரியாகப் பெரட்டு நேரத்தில் வந்து அன்றைய வெட்டைக் கெடுப்பது இதன் குணம். பெரியவர்கள் உளியை எடுக்கும் முன் மேற்கு வானத்தைப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

மரம் சொன்ன சேதி

கித்தாக் காய் வெடிக்கும் ஓசை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அழைப்பு. 'டப்' என்று சத்தம் கேட்டால் கொட்டை பொறுக்க ஓடுவார்கள். ஒரு காய்க்குள் பொதுவாக மூன்று கொட்டை. நல்ல வெயிலில் ஓடு காய்ந்து இறுகி, ஒரு கட்டத்தில் வெடித்து, கொட்டையைப் பல அடி தூரம் வீசும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் ஓடு காயாது, வெடிப்பும் குறையும். ஆகவே நாலா பக்கமும் வெடிச்சத்தம் கேட்டால் காற்று நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றின் ஈரத்தை அளக்கக் காசு கொடுத்து வாங்காத கருவி அது.

ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலையுதிர்ப்பதும் வறண்ட நாள்களை ஒட்டித்தான். இலை சிவந்து உதிர்ந்து, பாலும் குறையும். புதுத் தளிர் விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சை நோய் தாக்கித் தளிரும் உதிர்ந்துவிடும். டுரியானும் சில காலம் மழை குறைந்து வாடிய பிறகுதான் நன்றாகப் பூக்கும்.

இந்த மரங்கள் எல்லாம் நடந்து முடிந்த வானிலையைச் சொல்கின்றன. டுரியான் கொத்துக்கொத்தாகப் பூத்தால் வறட்சி இருந்தது என்று தெரியும். வரப்போகும் மழையின் அளவு தெரியாது. பறவைகளும் இப்படித்தான். பெந்தோங் போன்ற ஊர்களில் மின்கம்பிகளில் ஆயிரக்கணக்கில் வந்து உட்காரும் தகைவிலான் குருவிகள் வடக்கே குளிர் தொடங்குவதற்கு முன் கிளம்பி வருபவை. ஆண்டு இறுதி மழைக்காலத்தில் அவை இங்கே இருப்பதால் மழையைக் கொண்டு வந்ததாகத் தோன்றும். நம் மழையின் அளவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

உப்புச் சாடி மாறிய கதை

நம் முன்னோர் சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மூட்டையோடு மழைக்குறிகளையும் கொண்டு வந்தார்கள். ஆனால், அந்த நிலம் வேறு, இந்த நிலம் வேறு.

தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். தீபகற்ப மலேசியாவின் பெரும்பாலான பகுதிகளில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழைக்குப் பெயர்போன தைப்பிங்கில் சுமார் 4,000 மில்லிமீட்டர். அங்கே விவசாயி 'மழை எப்போது வரும்?' என்று கேட்டான். இங்கே தொழிலாளி 'மழை எப்போது விடும்?' என்று கேட்டான்.

உப்பை எடுத்துக்கொள்வோம். உப்புச் சாடியில் நீர் கசிந்தால் மழை என்பது ஊர்ப் பழக்கம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கும். கோடையில் வறண்டு கிடக்கும் ஓர் உள்மாவட்டத்தில் உப்பு கசிந்தால் அது பெரிய சேதி. காற்று மாறிவிட்டது, மழை நெருங்குகிறது. மலேசியாவில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடுகிறது. இங்கே உப்புச் சாடி தினமும்தான் கசியும். தீப்பெட்டி பதத்துப் போவதும், மரக்கதவு உப்பிப் பிடித்துக்கொள்வதும் இங்கே வாடிக்கை. அடையாளம் பொய்யில்லை, பிறந்த இடத்தை விட்டு வந்ததால் வேலை இழந்துவிட்டது.

தீபாவளி மழை, தைப்பூச வெயில்

ஊர்க்குறிகளில் சில தேய்ந்தபோது, இந்த மண்ணுக்கென்று சில கணக்குகளை நம்மவர்கள் புதிதாகப் போட்டுக்கொண்டார்கள். தீபாவளிக்கு மழை வராமல் இருக்காது என்பது அவற்றில் ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பருவக்காற்று மாறுவதால் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வலுக்கிறது. அங்கே பல ஊர்களுக்கு ஆண்டிலேயே அதிக மழை கிடைப்பது இந்த நாள்களில்தான். தீபாவளியும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் விழுகிறது. மத்தாப்பு நனைவதில் ஆச்சரியமில்லை.

தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். பினாங்கு, கெடா பக்கம் அது வறண்ட காலம். காவடி எடுப்பவர்களின் பாதம் சுடாமல் இருக்க ரோட்டில் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். இவை பல ஆண்டு அனுபவத்தின் சராசரி. குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு உத்தரவாதம் இல்லை.

பஞ்சாங்கம் சொல்லும் மழை வேறு வகை. இந்த ஆண்டு மேகாதிபதி யார், மழை எத்தனை மரக்கால் என்பதெல்லாம் ஆண்டையும் கிரக நிலையையும் வைத்துப் போடும் கணக்கு. காற்று, ஈரம், இடம் எதையும் பார்த்துச் சொல்வதில்லை. அதை வழிபாட்டு மரபாக வைத்துக்கொள்ளலாம், வானிலை அறிக்கையாக வைத்துக்கொள்ளக் கூடாது.

பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை, வெயிலும் மழையும் சேர்ந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்பவை பிள்ளைகளிடம் சொல்லும் வேடிக்கைப் பேச்சு. விருந்து நாளில் மழை வராமலிருக்க மிளகாயையும் வெங்காயத்தையும் குச்சியில் குத்தி நட்டு வைக்கும் வழக்கமும் இந்த நாட்டில் உண்டு. இவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. கூடாரத்துக்கும் சொல்லி வைத்தால் சரி.

அனுபவம் கைவிட்ட டிசம்பர்

கெடுதல் வருவது வேறு இடத்தில்.

வடகிழக்குப் பருவமழை என்றால் கிளாந்தான், திரெங்கானு, பகாங் என்றே நாம் பழகியிருந்தோம். தித்திவங்சா மலைத்தொடர் நடுவில் நிற்பதால் மேற்குக் கரைக்கு அந்த அடி வராது என்பது தலைமுறை அனுபவம். பெரும்பாலான ஆண்டுகளில் அது சரி.

2021 டிசம்பர் 17, 18-இல் அது தவறியது. தென்சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வழுத்த மண்டலம் ஒன்று தீபகற்பத்தைக் கடந்து மேற்கு நோக்கி நகர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை விடாமல் பெய்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டு மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்ததை நம்மில் பலர் நேரிலும் படத்திலும் பார்த்தோம். அந்த ஆண்டு இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நாட்டில் ஏற்பட்ட வெள்ளங்களில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

அன்று எந்த எறும்பைப் பார்த்திருந்தாலும், எந்தத் தட்டானைப் பார்த்திருந்தாலும் இந்த அளவு தெரிந்திருக்காது. எறும்புக்குத் தெரிவது அதன் காலடி மண்ணின் ஈரம். வெள்ளமோ வேறு இடத்தில் உருவாகிறது. மேலே மலைப்பகுதியில் பெய்த மழை ஆற்றில் இறங்கி, நம் ஊரில் மழை விட்ட பிறகுகூட வீட்டுக்குள் வரலாம். கடல் ஏற்றத்தால் ஆற்றுநீர் வடியாமல் தேங்கலாம். 'மழைதான் விட்டுடுச்சே' என்று படுக்கப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

எதற்கு எதை நம்புவது?

அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கண், காது, மூக்கு மூன்றும் போதும். குளிர்காற்று, மண்வாசனை, கறுக்கும் வானம் ஆகியவை சேர்ந்து வந்தால் துணியை எடுங்கள், வேலையை நிறுத்துங்கள்.

இடிக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் மின்னல் மழைமேகத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் விழக்கூடும் என்பதால், இடி காதில் கேட்டாலே ஒதுங்க வேண்டிய தூரம்தான். செம்பனைத் தோட்டத்தில் நீளமான அலுமினியக் கம்போடு குலை வெட்டுகிறவர்கள் இதை ஒருபோதும் அசட்டையாக விடக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி வெளியே போக வேண்டும். மரத்தடி ஒதுங்கும் இடமல்ல.

அடுத்த சில நாள்களுக்கு மெட்மலேசியா வெளியிடும் எச்சரிக்கையைப் பாருங்கள். தொடர்மழைக்கு மஞ்சள் நிறத்தில் வாஸ்பாடா, ஆரஞ்சில் பூரோக், சிவப்பில் பாஹாயா என்று மூன்று நிலைகள் உண்டு. மைச்சுவாச்சா (myCuaca) செயலியில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் ஊர் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தால் அடையாளக் கார்டு, மருந்து, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு உயரத்தில் வைத்துவிடலாம்.

ஆற்றோரம் குடியிருப்பவர்கள் மழையைவிட ஆற்றைப் பார்ப்பது நல்லது. வடிகால், நீர்ப்பாசனத் துறை நாடு முழுவதும் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. நம் வீட்டுக்கு மேலே உள்ள அளவு நிலையத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டால், தண்ணீர் வாசலுக்கு வருவதற்கு முன்பே சேதி கிடைக்கும். வயதான பெற்றோருக்கு மலாய் அறிவிப்பு சரியாகப் புரியாது என்றால், பிள்ளைகள் அதைத் தமிழில் சொல்லிவிட வேண்டும்.

அடுக்குமாடியில் எஞ்சியது

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த பிறகு பல குறிகள் கண்ணில் படுவதே இல்லை. பன்னிரண்டாவது மாடியில் எறும்புச் சாரி ஏது? கித்தாக் காய் வெடிக்கும் சத்தம் ஏது? இருந்தாலும் காற்று, மண்வாசனை, இடி, மேற்கு வானம் ஆகிய நான்கும் அங்கேயும் எட்டும்.

வீட்டில் தோட்டத்து அனுபவமுள்ள தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் எதை எதைப் பார்த்து மழை சொன்னார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கலாம். எந்தத் தோட்டம், எந்த மாதம், என்ன அடையாளம் என்று விவரமாக எழுத வேண்டும். பிறகு ஒரு மாதம் சோதித்தும் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் நான்கு கட்டம் போடுங்கள்: அடையாளம் தெரிந்தது, மழை வந்தது, அடையாளம் தெரிந்தது, மழை வரவில்லை, அடையாளம் தெரியவில்லை, மழை வந்தது, இரண்டும் இல்லை.

பலித்த நாள் மட்டும் மனத்தில் தங்கி, பலிக்காத நாள் மறந்து போவதால்தான் பல நம்பிக்கைகள் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. ஆகவே தட்டான் தாழப் பறந்தும் சொட்டு மழை விழாத நாளையும் மறக்காமல் அந்த நோட்டில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் தாத்தாவோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.